ஒரே வாய்பாடு, ஒரே நிறை: பெட்ரோலில் உள்ள சைலீன்களை நிறமாலை எவ்வாறு பிரித்தறிகிறது?

பெட்ரோலில் உள்ள மூன்று சைலீன்களுக்கும் எத்தில்பென்சீனுக்கும் எட்டுக் கார்பன், பத்து ஹைட்ரஜன் என்ற ஒரே வாய்பாடும் 106 என்ற ஒரே மூலக்கூறு நிறையும் இருக்கும்போது நிறை நிறமாலைமானி அவற்றை எப்படி வேறுபடுத்துகிறது என்றும், அதனால் இயலாதென்றால் எந்த முறையை நாட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு நேரான விடை, ஆர்த்தோ, மெட்டா, பாரா (பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் முறையே அடுத்தடுத்தும், ஓரிடம் விட்டும், எதிரெதிராகவும் அமைந்தவை) ஆகிய மூன்று சைலீன்களை அந்தக் கருவி தனித்து நின்று வேறுபடுத்துவதில்லை என்பதே. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாக விடை சொல்ல முடியாது. குப்பியில் தூய திரவமாக இருக்கும் சைலீன் எந்த வகை என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. சில நூறு சேர்மங்கள் கலந்து கிடக்கும் பெட்ரோலுக்குள் அதே சைலீனைத் தேடி அளப்பது முற்றிலும் வேறொரு வேலை. பாடநூல்கள் முதல் வேலையை விளக்கிவிட்டு நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது.

நிறை நிறமாலைமானி ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வழக்கமான கருவியில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மோதும்போது சைலீன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து 106 நிறையுள்ள அயனியாகிறது. அதிலிருந்து ஒரு மெத்தில் தொகுதி கழன்றால் 91-லும், ஒரு ஹைட்ரஜன் மட்டும் கழன்றால் 105-லும் முகடுகள் தோன்றுகின்றன. மூன்று சைலீன்களிலும் 91தான் உயரமான முகடு. மற்றவற்றின் உயர விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றே. அந்த அயனி உடைவதற்கு முன்பே தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். ஆறு கார்பன் வளையம் அருகிலுள்ள மெத்தில் கார்பனையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஏழு கார்பன் வளையமாக விரிகிறது. இரண்டு மெத்தில்களும் முதலில் எந்தெந்த இடத்தில் இருந்தன என்ற செய்தி அந்த விரிவிலேயே அழிந்துபோகிறது. எத்தில்பென்சீன் மட்டும் ஓரளவு தனித்து நிற்கும். அதன் பக்கச் சங்கிலியின் நுனியிலுள்ள மெத்தில் எளிதாகக் கழன்றுவிடுவதால் 106-இன் உயரம் 91-இன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித் தாழ்ந்துவிடும். 105 மிகவும் மங்கலாகவே தெரியும். சைலீன்களிலோ 106 பாதிக்கு மேல் எழும்பி நிற்கும், 105-உம் கண்ணுக்குத் தெளிவாகப் படும்.

இன்னும் துல்லியமான நிறைமானியை வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுபவர்கள் உண்டு. தீராது. மூன்று கார்பன் அணுக்களுக்கும், ஒரு கந்தக அணுவும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிக்கும் முழு எண்ணில் நிறை 36 என்றே வரும். உண்மையான வேறுபாடு 0.0034 அலகு மட்டுமே. அந்த நுண்ணிய இடைவெளியைக் காணும் ஆற்றல் கொண்ட கருவிகள் கச்சா எண்ணெய் ஆய்வில் பெரும் பயன் தந்திருக்கின்றன. ஆனால் மாற்றியங்களில், அதாவது வாய்பாடு ஒன்றாகவும் அமைப்பு வேறாகவும் உள்ள சேர்மங்களில், ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால், எத்தனை தசம இடம் சென்றாலும் அந்தக் கருவிக்கு அவை ஒன்றாகவே தெரியும். வேறுபாடு இருப்பது அணுக்களின் அமைவிடத்தில். அமைவிடத்தை உணரும் அளவீடுதான் நமக்கு வேண்டும்.

அமைவிடத்தை உணர்பவற்றில் எளிதில் கைக்கு எட்டுவது அகச்சிவப்பு நிறமாலை. பென்சீன் வளையத்தின் ஹைட்ரஜன்கள் வளையத்தின் தளத்தை விட்டு மேலும் கீழும் அசையும் அதிர்வு 650 முதல் 900 செ.மீ⁻¹ வரையிலான பகுதியில் வலுவான உட்கவர்வைத் தருகிறது. அந்த அதிர்வின் அலை எண்ணைத் தீர்மானிப்பது வளையத்தில் எத்தனை ஹைட்ரஜன்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கின்றன என்பதுதான். ஆர்த்தோவில் நான்கு ஹைட்ரஜன்கள் தொடர்ந்து நிற்கின்றன. அதன் முகடு சுமார் 740-இல் வருகிறது. மெட்டாவில் மூன்று தொடர்ந்து நிற்க, நான்காவது தனித்து விடப்படுகிறது. முகடுகள் சுமார் 770-இலும் 690-இலும் வருகின்றன. பாராவில் இரண்டிரண்டாகப் பிரிந்திருப்பதால் முகடு சுமார் 795-க்கு உயர்கிறது. எத்தில்பென்சீனில் ஐந்தும் தொடர்ந்து நிற்பதால் 700-ஐயும் 750-ஐயும் ஒட்டி இரண்டு முகடுகள். தூய திரவம் என்றால் ஒரே நிமிடத்தில், ஐயத்துக்கு இடமின்றி விடை கிடைத்துவிடும்.

பெட்ரோல் நிறுவனங்கள் அகச்சிவப்பு நிறமாலையை விரும்பி ஏற்றதற்கும் இந்த வேறுபடுத்தும் ஆற்றலே காரணம். இரண்டாம் உலகப் போரின்போது இயற்கை ரப்பர் வரத்து அறுந்துபோன அமெரிக்காவில் செயற்கை ரப்பருக்கு பியூட்டாடையீன் தேவைப்பட்டது. நான்கு கார்பன் கொண்ட பியூட்டீன் மாற்றியங்கள் கலந்த ஓட்டத்தில் எது எவ்வளவு என்று உடனுக்குடன் அளக்க வேண்டியிருந்தது. ஷெல் நிறுவன ஆய்வாளர்களின் வடிவமைப்பைக் கொண்டு பெக்மன் நிறுவனம் 1942-இல் ஐ.ஆர்-1 என்ற கருவியைச் செய்து கொடுத்தது. நம் ஆய்வகங்களில் கரிம வேதியியலாளர்கள் அன்றாடம் தொடும் இந்தக் கருவியின் வளர்ச்சியில் எண்ணெய்த் தொழிலின் அவசரத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் பெட்ரோலுக்குள் சென்றதும் அந்தத் தெளிவு மங்குகிறது. டொலுவீனுக்கு 728-இலும் 694-இலும் முகடுகள் உண்டு. மெட்டா சைலீனின் 690-உம் எத்தில்பென்சீனின் 700-உம் அதோடு தோளுரசுகின்றன. ஒன்பது கார்பன் கொண்ட அரோமேட்டிக் (பென்சீன் வளையமுள்ள) சேர்மங்களும் அதே பகுதியில்தான் தலை காட்டுகின்றன. இந்த நெரிசலிலும் ஒதுங்கி நின்று தப்பிப்பது பென்சீன். ஆறு ஹைட்ரஜன்களும் ஒருசேர அசையும் அதன் முகடு 673-இல் இருக்கிறது. அங்கும் டொலுவீன் முகட்டின் சரிவு எட்டிப் பார்ப்பதால், ஒற்றை அலை எண்ணில் உயரத்தை மட்டும் அளந்தால் பென்சீன் கூடுதலாகத் தெரியும், அதற்காகவே ஏ.எஸ்.டி.எம் என்ற தரநிலை அமைப்பின் டி6277 தரமுறை பல அலை எண்களை ஒரே சமயத்தில் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 1.4.2020 முதல் நடப்பிலுள்ள பாரத் நிலை 6 விதிகளின்படி பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 சதவீதத்தையும் மொத்த அரோமேட்டிக் சேர்மங்கள் 35 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பதால் இது ஏட்டளவில் நின்றுவிடும் நுணுக்கம் அன்று.

ராமன் நிறமாலை இதே அதிர்வுகளை வேறொரு வாசல் வழியாகக் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் இந்த ஒளிச்சிதறலை முதன்முதலில் ஆராய்ந்த திரவங்களில் பென்சீனும் ஒன்று. வளையம் முழுவதும் ஒரே சீராக விரிந்து சுருங்கும் அதிர்வுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பென்சீனில் அது 992-இல் மிகக் கூர்மையான கோடாகத் தோன்றுகிறது. அகச்சிவப்பில் அதன் சுவடே இராது. சமச்சீர் மையம் கொண்ட மூலக்கூறில் ஒரு முறையில் தெரியும் அதிர்வு மற்றதில் தெரியாது என்ற விதிக்கு இது நல்ல சான்று. எட்டுக் கார்பன் சேர்மங்களில் இதற்கு இணையான கோடுகள் பாராவுக்குச் சுமார் 830-இலும், எத்தில்பென்சீனுக்கு 770-ஐ ஒட்டியும், ஆர்த்தோவுக்கு 735-ஐ ஒட்டியும், மெட்டாவுக்கு 725-ஐ ஒட்டியும் அமைகின்றன. டொலுவீன் 786-இல் விலகி நிற்கிறது. கோடுகள் ஒடுங்கியவை என்பதால் பத்து அலகு இடைவெளிகூடப் போதுமானதாகிறது. பாலியெஸ்டர் இழைக்கான டெரப்தாலிக் அமிலத்தைத் தயாரிக்கப் பாரா சைலீனை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்காகப் பிரெஞ்சு பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் உருவாக்கிய எலுக்சில் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தின் சேர்க்கையை ராமன் நிறமாலை கொண்டு கண்காணிப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ராமன் நன்றாக ஒத்துழைக்கிறது. டீசலில் மட்டும் பல வளையச் சேர்மங்களின் ஒளிர்வு மேலெழுந்து கோடுகளை மூழ்கடித்துவிடும். 1064 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்தினால் அந்த ஒளிர்வு வெகுவாகக் குறையும்.

காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் தரும் குறிகளைப் பதியும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. கார்பன்-13 நிறமாலையில் பாரா சைலீனுக்கு மூன்று குறிகள், ஆர்த்தோவுக்கு நான்கு, மெட்டாவுக்கு ஐந்து, எத்தில்பென்சீனுக்கு ஆறு. எண்ணத் தெரிந்தால் போதும், அடையாளம் முடிந்தது. சமச்சீர்மை என்றால் என்ன என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கலவையிலும் ஆர்த்தோவின் மெத்தில் கார்பன் 19.7 பி.பி.எம்-இல் நின்று, மற்ற இரண்டின் 21-ஐ ஒட்டிய குறிகளிலிருந்து விலகியே காணப்படும். எனினும் இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதமே கார்பன்-13 என்பதால் அளவறி முடிவு வேண்டுமென்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையின் அன்றாடச் சோதனைக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து.

இனி உங்கள் கேள்வியின் நடைமுறைப் பக்கம். எரிபொருள் ஆய்வகத்தில் நிறமாலைக் கருவி பெரும்பாலும் தனித்து வேலை செய்வதில்லை. அதற்கு முன்னால் வாயு வண்ணப்பிரிகைக் கருவி, அதாவது எல்லோரும் ஜி.சி. என்றழைப்பது, கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கும். எத்தில்பென்சீன் 136.2, பாரா 138.4, மெட்டா 139.1, ஆர்த்தோ 144.4 டிகிரி செல்சியசில் கொதிக்கின்றன. முனைவற்ற பூச்சு கொண்ட பிரிப்புக்குழாயில் மூலக்கூறுகள் பெரும்பாலும் கொதிநிலை வரிசையிலேயே வெளிவருகின்றன. எனவே எத்தில்பென்சீன் முன்னே வந்துவிடும், ஆர்த்தோ பின்தங்கிவிடும். இடையிலுள்ள மெட்டாவும் பாராவும் 0.7 டிகிரி வேறுபாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஜி.சி.யும் நிறைமானியும் இணைந்த கருவிக்கு இது மிக மோசமான தற்செயல்: பிரிப்புக்குழாய் எந்த இரண்டைப் பிரிக்கத் தவறுகிறதோ, அதே இரண்டையும்தான் நிறைமானியாலும் பிரித்தறிய முடிவதில்லை. சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கைகளிலும் எரிபொருள் அறிக்கைகளிலும் 'மெட்டா + பாரா சைலீன்' என்று ஒரே வரியில் கூட்டுத்தொகை தரப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது ஆய்வாளரின் சோம்பல் அன்று; நேர்மை. முனைவுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு கொண்ட குழாய்க்கு மாறினால் இரண்டும் பிரியும், ஆனால் அந்தக் குழாயில் பெட்ரோலின் மற்றச் சேர்மங்களின் வரிசை மாறிப் புதிய மோதல்கள் உண்டாகலாம்.

இந்த இடத்தில்தான் வெற்றிடப் புறஊதா நிறமாலை உதவிக்கு வருகிறது. சுமார் 125 முதல் 240 நானோமீட்டர் வரையிலான ஒளியில் 200-க்குக் கீழுள்ள பகுதியைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கிவிடும் என்பதால் முன்பு இந்தப் பகுதிக்குள் செல்ல வெற்றிட அறைகளும் பெரும் ஒளிமூலங்களும் தேவைப்பட்டன. ஜி.சி.யின் வாலில் பொருத்தக்கூடிய அளவுக்குச் சுருங்கிய உணர்வி 2014-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்தது. பென்சீனுக்குச் சுமார் 180 நானோமீட்டரில் மிக வலுவான உட்கவர்வு உண்டு; மெத்தில் தொகுதிகள் சேரச் சேர அது நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது, அவை அமரும் இடத்தைப் பொறுத்து வடிவமும் மாறுகிறது. ஆகவே மெட்டாவும் பாராவும் ஒரே நொடியில் சேர்ந்து வெளியே வந்தாலும், அந்தக் கூட்டு நிறமாலையை இரண்டு தூய நிறமாலைகளின் கூடுதலாகப் பிரித்து, எது எவ்வளவு என்று கணக்கிட முடிகிறது. உட்கவர்வுகள் ஒன்றோடொன்று கூடும் தன்மை கொண்டவை என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன் கொண்ட ஹெக்சீன்களையும் அதே வாய்பாடு கொண்ட சைக்ளோஹெக்சேன், மெத்தில்சைக்ளோபென்டேன் ஆகியவற்றையும் குழு வாரியாகப் பிரிப்பதிலும் இது தெளிவான விடை தருகிறது, ஏனெனில் இரட்டைப் பிணைப்பு 180 நானோமீட்டரை ஒட்டி ஒளியை விழுங்கும், வளைய ஆல்கேன்களோ அதைவிடக் குறுகிய அலைநீளத்தில்தான் விழுங்கும். பெட்ரோலை இவ்வாறு குழு வாரியாகப் பகுப்பதற்கு ஏ.எஸ்.டி.எம் டி8071 என்ற தரமுறையே வந்துவிட்டது. நூறு மீட்டர் நீளக் குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி ஒவ்வொரு முகடாகப் பெயரிடும் பழைய முறையோடு ஒப்பிட்டால், அரை மணி நேரத்தை ஒட்டி முடியும் இந்தச் சோதனை பெரிய விடுதலை.

அரோமேட்டிக் சேர்மங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கடினமான பாதியை மறைத்ததாகிவிடும். நிறைவுற்ற ஆல்கேன்களுக்கு இரட்டைப் பிணைப்பும் இல்லை, வளையமும் இல்லை. நிறமாலைக்குப் பிடிகொடுக்கும் உறுப்பு எதுவுமே இல்லை. எட்டுக் கார்பன் ஆல்கேனுக்கு 18 மாற்றியங்கள், பத்துக் கார்பனுக்கு 75, பதினைந்துக்கு 4347, இருபதுக்கு 3,66,319. ஆல்கேன்களுள், பெட்ரோல் இயந்திரத்தில் தட்டலை எதிர்க்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண்ணின் இரு எல்லைக் கற்களான நேர்ச்சங்கிலி ஹெப்டேனும் (எண் 0) 2,2,4-மும்மெத்தில்பென்டேனும் (எண் 100) முறையே 98.4, 99.2 டிகிரியில் கொதிக்கின்றன. வடிகலனுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் இயந்திரத்துக்குள் நேரெதிராக நடந்துகொள்கின்றன. கிளையில்லாத நேர்ச்சங்கிலி ஆக்டேனின் ஆக்டேன் எண் பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. 2-மெத்தில்ஹெப்டேனுக்குச் சுமார் 22. வாய்பாடு ஒன்றாக இருந்தும் கிளைகளின் அமைப்பு எரிதலை இவ்வளவு மாற்றுகிறதென்றால், மாற்றியங்களைப் பிரித்தறிய ஏன் இத்தனை பாடு என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது.

ஆல்கேன்களில் நிறை நிறமாலை கொஞ்சம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. 2,2,4-மும்மெத்தில்பென்டேன் உடைந்து நிலைப்புள்ள மூவிணைய பியூட்டைல் அயனியைத் தருவதால் 57 ஓங்கி நிற்க, 114 என்ற முழு மூலக்கூறின் முகடு ஏறத்தாழ காணாமலே போய்விடும். நேர்ச்சங்கிலி ஆக்டேனில் 43 முதன்மை முகடாக இருக்க, 114 சிறியதாயினும் தெரியும். அகச்சிவப்பில், ஒரே கார்பனில் இரண்டு மெத்தில்கள் இருந்தால் 1380-ஐ ஒட்டிய முகடு இரண்டாகப் பிளவுபடும்; நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மெத்திலீன்கள் வரிசையாக நின்றால் 720-இல் ஒரு முகடு எழும். ஆனால் இவை தூய சேர்மத்துக்கான சான்றுகள். கலவையில் இவற்றால் 'கிளைகள் மிகுதி' அல்லது 'நீண்ட சங்கிலிகள் மிகுதி' என்ற அளவில்தான் பேச முடியும். எந்த மாற்றியம் என்று பெயர் சொல்வது பிரிப்புக்குழாயின் வேலை.

பெயரே தேவையில்லை, பண்பு மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிலையும் உண்டு. அண்மை அகச்சிவப்பு முறை அப்படிப்பட்டது. கார்பன்-ஹைட்ரஜன் அதிர்வின் இரண்டாம் மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணைப் போல ஏறத்தாழ மும்மடங்கில் வரும் உட்கவர்வுகள்) மெத்திலுக்கு 1195, மெத்திலீனுக்கு 1210, அரோமேட்டிக் வளையத்துக்குச் சுமார் 1145 நானோமீட்டரில் அகன்று குழைந்து கிடக்கின்றன. 1989-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காலிஸ் குழுவினர் இந்தப் பகுதியின் நிறமாலையிலிருந்து பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைப் புள்ளியியல் முறையில் கணிக்க முடியும் என்று காட்டினர். அதன்பின் கலவைத் தொட்டிகளுக்குச் செல்லும் குழாய்களிலேயே இந்தக் கருவிகள் அமர்ந்துவிட்டன. மிகவும் பயனுள்ள முறை. ஆனால் அது மூலக்கூறுகளை அடையாளம் காண்பதாகச் சிலர் எழுதுவது சரியன்று. முன்பு அளந்த எரிபொருள்களோடு இப்போதைய எரிபொருள் எவ்வளவு ஒத்திருக்கிறது என்றே அது சொல்கிறது. கச்சா எண்ணெயின் மூலம் மாறினால் இயந்திரச் சோதனையோடு மீண்டும் ஒப்பிட்டுத் திருத்தாமல் அதன் எண்ணை நம்பக் கூடாது. டீசலில் மண்ணெண்ணெய்க் கலப்படத்தைக் கண்டறிவதிலும் இதே கவனம் வேண்டும்: மண்ணெண்ணெயில் உள்ள சேர்மங்களில் பெரும்பாலானவை டீசலிலும் இயல்பாகவே இருப்பவை என்பதால், இங்கே தேடப்படுவது அந்நிய மூலக்கூறு எதுவும் அல்ல, விகிதத்தில் ஏற்பட்ட விலகல்தான்.

கனமான எரிபொருள்களில் உள்ள பல வளையச் சேர்மங்களுக்கு ஒளிர்வு நிறமாலையே மிக நுட்பமான கருவி. ஆந்த்ரசீனும் பினாந்த்ரீனும் ஒரே வாய்பாடு கொண்டவை. மூன்று வளையங்கள் நேர்கோட்டில் நின்றால் உட்கவர்வு 375 நானோமீட்டர் வரை நீளும், வளைந்து நின்றால் அதைவிடக் குறைந்த அலைநீளத்திலேயே முடிந்துவிடும். அறை வெப்பநிலையில் இந்தப் பட்டைகள் அகன்றவை. 1952-இல் மாஸ்கோவில் எடுவார்ட் ஷ்போல்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய சேர்மங்களை நேர்ச்சங்கிலி ஆல்கேனில் கரைத்து 77 கெல்வினுக்கு உறையவைத்தபோது பட்டைகள் ஒடுங்கிக் கோடுகளாக மாறின. உறைந்த ஆல்கேன் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே விதமான இருக்கையில் அமர்வதால் இந்த ஒடுக்கம் நிகழ்கிறது. ஆகவே சேர்மத்தின் அளவுக்குப் பொருந்தும் நீளமுள்ள ஆல்கேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எரிபொருளின் ஒரு கூறே மற்றொரு கூறை அடையாளம் காட்டிக் கொடுக்கும் இந்த முறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

உங்களிடம் இருப்பது சாதாரண ஜி.சி.-நிறைமானியும் ஓர் அகச்சிவப்புக் கருவியும்தான் என்று எடுத்துக்கொண்டால், நான் செய்யச் சொல்வது இது. பெட்ரோலின் தர நிர்ணயத்துக்காக அளக்கிறீர்கள் என்றால் மெட்டாவையும் பாராவையும் பிரிக்கவே வேண்டாம். கூட்டுத்தொகையாக அறிக்கையில் எழுதுங்கள், விதிகள் மொத்த அரோமேட்டிக் அளவையே கேட்கின்றன. தனித்தனியே தேவைப்பட்டால் நிறைமானியின் நூலகத் தேடல் தரும் பெயரை ஏற்காதீர்கள். 95 சதவீதப் பொருத்தம் என்று அது பாரா சைலீனைக் காட்டும் அதே நேரத்தில், மெட்டாவுக்கும் 95-ஐ ஒட்டிய எண்ணையே தந்திருக்கும். முனைவுள்ள குழாய்க்கு மாறி, நான்கு தூய சேர்மங்களையும் தனித்தனியாகச் செலுத்தி, வெளிவரும் நேரங்களைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு உங்கள் மாதிரியைச் செலுத்துங்கள். சைலீன்கள் மட்டுமே மிகுந்த கரைப்பான் கலவை என்றால் ஜி.சி.யே தேவைப்படாது, அகச்சிவப்பில் 740, 770, 795 ஆகிய மூன்று இடங்களிலும், எத்தில்பென்சீனுக்கு 700-ஐ ஒட்டியும் அளந்து, தூய சேர்மங்களைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்து, நான்கு சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்த்தால் நான்கின் அளவும் கிடைத்துவிடும்.